கலயத்துச் சுண்ணாம்பும் ஒயின் பாட்டிலும்

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் தம்பி ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெறும் திராட்சைச் சாறுதான், தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது என்கிறான். என் கணவருக்கு 58 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா? அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, தொண்டி

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா.

நான் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவன். அப்பா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித் தருவது என் வேலை. ஒருநாள் ஒரு கலயத்துக்கு விட்டுப்போனது. மறுநாள் காலையில் அதில் மட்டும் நுரை பொங்கி நின்றது. "கள்ளாப் போச்சுடா" என்று அப்பா மணலில் கொட்டினார். ஏன் என்பது பிற்பாடு வேதியியல் படித்தபோதுதான் புரிந்தது. சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று, போதை தரும் எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்டை அடக்கி வைக்கும். அப்போது அது பதநீர். ஒயினிலும் நடப்பது இந்தப் புளிப்புதான். கள்ளில் எத்தனால் 5 சதவீதம் அளவு என்றால் ஒயினில் 12, 13. தம்பி சொல்லும் திராட்சைச் சாற்றின் சர்க்கரை பெரும்பாலும் இப்படி எத்தனாலாகிவிட்டது.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை வைத்து வந்தது. சிவப்பு ஒயினில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் 150 மில்லி கிளாஸ் ஒன்றில் எத்தனால் 14 கிராம் இருக்கிறது. அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாகத் தெரிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு: உடம்பு கெட்டுக் குடியை நிறுத்தியவர்களையும் பழைய ஆய்வுகள் பல 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது, மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பிரஷர் உள்ளவருக்கு அது பிரஷரையும் ஏற்றும்.

அசலா என்பதற்கு வருகிறேன். கொஞ்சம் ஒயினில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் சிவப்பு மாறி நீலமோ பச்சையோ பாயும். பழத்தின் நிறமிக்கு அந்தக் குணம் உண்டு. செம்பருத்திச் சாறும் அப்படித்தான் மாறும், அதனால் இதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்திருந்தால் மணத்திலும் ருசியிலும் பிடிபடாது. 1986-ல் இத்தாலியில் அப்படிக் கலந்த ஒயினைக் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: எங்கள் பக்கத்து அழகன்குளத்தில் ரோமானிய ஒயின் கிடைத்ததாமே?
– வாசகர், பனைக்குளம்

பதில்: ஒயின் இல்லை ஐயா, அது வந்த சாடிகளின் உடைந்த ஓடுகள். ஆம்போரா என்ற இரட்டைக் கைப்பிடிச் சாடி. மண் சாடி கசியும் என்பதால் உள்ளே பைன் மரப் பிசின் பூசுவார்கள். ரோமானியக் காசுகளும் அங்கே கிடைத்தன. யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், கொண்டுவந்த தேறலை, அதாவது மதுவை, பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் இருக்கிறது. வைகை கடலைச் சேரும் இடத்தில் நின்று அதைப் படித்துப் பாருங்கள்.