கிழிசலைத் தைக்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, பயாலஜி குரூப். நீட் வேண்டாம் என்கிறாள். பழைய ஜீன்ஸ், சுடிதார் எது கிழிந்தாலும் கலர் நூலில் கட்டம், பூ என்று எம்பிராய்டரி போட்டு, தைத்த இடம் தெரியும்படியே உடுத்துகிறாள். இதையே படிக்க வேண்டுமாம். “கிழிஞ்ச துணி தைக்கவா இவ்வளவு செலவு பண்ணினோம்?” என்று அவள் அப்பா வீட்டையே இரண்டாக்குகிறார். என்ன செய்வது? – ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய படங்களில் அந்த ஜீன்ஸ் முட்டியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஓட்டையின் மேல் நெடுக்காக நூல்களை ஓட்டி, குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து, ஊசியாலேயே துணி நெய்திருக்கிறாள். நூல் திரும்பும் ஓரங்களில் இறுக்காமல் குட்டிக் குட்டி வளையமாக விட்டிருக்கிறாள். துவைத்து நூல் சுருங்கினாலும் துணி இழுத்துக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். வீடியோ பார்த்துப் பூப் போடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் வருகிறார்கள். இந்த வளையத்தை விடும் பிள்ளை அபூர்வம்.

ஆனாலும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: கிழிசல் தைப்பதை மட்டும் நம்பிச் சென்னையில் இன்று குடும்பம் நடத்த முடியாது. ஆல்டரேஷன் கடைக்காரர் சில நிமிடத்தில் முடிப்பதற்கு அவள் ஒரு சாயங்காலம் உட்காருவாள். அந்த நேரத்துக்குக் காசு தர இங்கே ஆள் குறைவு. பிரான்சில் துணி, செருப்பைப் பழுதுபார்த்தால் பில்லில் 6 முதல் 25 யூரோ வரை கழிவு தரும் திட்டத்தையே 2023-ல் தொடங்கினார்கள். நம்மூருக்கு அது எப்போது வருமோ!

அந்தக் கைக்கு வேலை வேறு இடங்களில் இருக்கிறது. முதலில் தரமணி நிஃப்ட், அதாவது மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி. அங்கே டெக்ஸ்டைல் டிசைன் நான்கு வருட பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டப்படிப்பு; பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும், பயாலஜி தடையே இல்லை. நுழைவுத் தேர்வில் வரைவது ஒரு தாள், பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு எல்லாம் சேர்ந்தது இன்னொரு தாள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் மீடியம் என்றால் ஆங்கிலத்துக்கு இப்போதே உட்கார வேண்டும். அதில் தேறினால் சிச்சுவேஷன் டெஸ்ட்: கையில் சில பொருட்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் செய்து காட்டச் சொல்வார்கள். கோச்சிங் சென்டர் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். உங்கள் மகளுக்கு அது வீட்டில் தினமும் செய்கிற வேலை. கட்டணம் ஒரு செமஸ்டருக்கே லட்சத்தைத் தாண்டும் என்பதால், கல்விக் கடன் பற்றி பேங்கில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இரண்டாவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை. பழைய துணிகளைக் காப்பாற்றும் வேலை, அதாவது மியூசியம் கன்சர்வேஷன். இதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டும், அவள் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே இதற்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, டெல்லிப் பக்கம் முதுகலை கன்சர்வேஷன் படிக்கலாம். ஆனால் அங்கே தையல் எடுப்பாகத் தெரியக் கூடாது. நைந்த பட்டுக்கு அடியில் அதே சாயத்தில் துணி வைத்து, நாளைக்குப் பிரித்தெடுக்கும்படி மெல்லிய இழையால் பிடிக்க வேண்டும். கலர் நூலில் கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அந்த அடக்கம் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. பணியிடங்களும் கொஞ்சம்தான்.

மூன்றாவது ஆரி ஒர்க், கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி; உங்களுக்கே தெரியும். கல்யாண பிளவுஸுக்கு நல்ல காசு. ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் படுத்துவிடும், கழுத்தும் கண்ணும் சீக்கிரம் வலிக்கும். என்றாலும் பிளஸ் டூ லீவில் ஸ்டாண்டு போட்டு ஆரி ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். எந்தப் படிப்புக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

அப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். பிரான்சில் பேர்போன எம்பிராய்டரிக் குடும்பத்து வாரிசு ழான் ஃபிரான்சுவா லெசாஜ், 1993-ல் பட்டறை போட்டது நம் சென்னையில்தான். வஸ்த்ரகலா என்று பெயர். ஐரோப்பிய மாளிகைகளுக்குப் போகும் பூவேலை நம்மூர்க் கைகளில் உருவாகிறது. ‘கிழிஞ்ச துணி’ என்ற பேச்சு கொஞ்ச நாளைக்காவது ஓயும்.

இனி செய்ய வேண்டியது: தைத்த ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படமெடுத்து, என்ன நூல், ஏன் அந்தத் தையல் என்று இரண்டு வரி எழுதி ஒரு ஃபைல் போடச் சொல்லுங்கள். பின்பக்க முடிச்சைப் பார்த்துத்தான் தெரிந்தவர்கள் ஆளை எடைபோடுவார்கள். நிஃப்ட் விண்ணப்பம் வழக்கமாகக் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுவில் யாராவது ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று தனியார் டிப்ளமோவுக்கு அழைத்தால், போன வருடம் முடித்த பிள்ளைகள் இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.