கொடுங்கையூரில் மூன்று பிளாட் நிற்கிறது, மாதவரத்தில் ஜேவி எடுக்கலாமா?

கேள்வி: கொளத்தூரில் சின்ன அளவில் பிளாட் கட்டி விற்கிறோம். அப்பா மேஸ்திரியாக இருந்து ஆரம்பித்த தொழில். கொடுங்கையூரில் கட்டிய ஆறில் மூன்று ஒன்றரை வருடமாக விற்கவில்லை. நாங்கள் சொல்வது 62 லட்சம். வருகிறவர்கள் 57-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறார்கள். அந்த ஒன்றரை வருடமாகவே வெளியில் வாங்கிய 40 லட்சத்துக்கு ரெண்டு வட்டி கட்டுகிறோம். இப்போது மாதவரத்தில் 3 கிரவுண்ட், ஜாயின்ட் வென்ச்சர் (ஜேவி) வந்திருக்கிறது; இடம் அவருடையது, கட்டுவது நாங்கள், பிளாட்டில் பாதிக்குப் பாதி. 12 பிளாட், தலா 1,100 சதுர அடி. கட்ட அடிக்கு 2,500, விற்க 7,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இடத்துக்காரருக்கு 30 லட்சம் டெபாசிட். பெரம்பூர் வீட்டை அடமானம் வைத்து 60 லட்சம் எடுத்து இறங்கலாமா? மெட்ரோ வருகிறது, விலை ஏறும் என்கிறார்கள்.

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் கொடுங்கையூரைப் பேசுவோம்.

40 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 80,000. பதினெட்டு மாதத்தில் 14 லட்சத்து 40 ஆயிரம் போயிருக்கிறது. ஒரே ஒரு பிளாட்டை 57-க்குத் தள்ளியிருந்தால் கடன் முழுவதும் அடைந்து கையில் 17 லட்சம் மிஞ்சியிருக்கும். ஐந்து லட்சத்தை விட மனசில்லாமல் பதினான்கு லட்சத்தை ஃபைனான்ஸ்காரருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கட்டிய கைக்கு விலையைக் குறைக்க வராது, மேஸ்திரி வீட்டில் இன்னும் வராது.

இப்போது மாதவரம். லாபத்தை விடுங்கள், பணம் எப்போது வெளியே போகிறது, எப்போது உள்ளே வருகிறது என்று பாருங்கள். 13,200 சதுர அடிக்கு 2,500 வீதம் 3.30 கோடி. அஸ்திவாரம் போட்டு முதல் ஸ்லாப் வருவதற்குள் அதில் கால் பங்கு, ஏறக்குறைய 80 லட்சம், போய்விடும் என்று வையுங்கள். டெபாசிட் 30 சேர்த்தால் 1.10 கோடி. 3 கிரவுண்ட் என்பது 7,200 சதுர அடி, அதாவது 669 சதுர மீட்டர். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரம்பு 500 சதுர மீட்டர், 8 பிளாட். இரண்டையும் தாண்டுகிறீர்கள், பதிவு கட்டாயம். ரெரா எண் வரும்வரை விளம்பரமும் கூடாது, அட்வான்ஸும் கூடாது. எண் வந்த பிறகும் ஒப்பந்தத்தைப் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. வாங்குகிறவரின் வங்கியோ ஸ்லாப் ஸ்லாபாகத்தான் விடுவிக்கும். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா அந்த வங்கி என்ஜினியருக்காகக் காத்திருக்குமா?

ஆக, 60 லட்சத்தோடு இறங்கினால் முதல் ஸ்லாபுக்கு முன்பே 50 லட்சம் துண்டு விழும். மறுபடி ரெண்டு வட்டி, இந்த முறை வீடும் அடமானத்தில். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

இன்னொன்று, ரெரா வரம்புக்குள் ஆறு பிளாட்டாகக் கட்டியபோது நீங்கள் பார்க்காதது: வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். என்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான், வேலை நடந்த அளவுக்கு எடுக்கலாம். மாதவரத்தில் வந்த அட்வான்ஸில் கொடுங்கையூர் கம்பி பாக்கியைத் தீர்க்கும் பழைய வழி இனி நடக்காது.

லாபக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. உங்கள் பங்கு ஆறு பிளாட், தலா 77 லட்சம், மொத்தம் 4.62 கோடி. செலவு போக 1.32 கோடி என்று எழுதி வைத்திருப்பீர்கள். இடத்துக்காரருக்குக் கட்டிக் கொடுக்கும் ஆறுக்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டியது நீங்கள்தான். 5 சதவீதம் என்றால் பிளாட்டுக்கு 3.85 லட்சம், ஆறுக்கு 23.10 லட்சம். அதைக் கழித்தால் 1.09 கோடிதான். கம்ப்ளீஷன் சான்றிதழ் வரும்போது உங்கள் பங்கில் விற்காமல் நிற்கும் பிளாட்டுகளுக்குக் இடத்துக்காரர் உங்களுக்குக் கொடுத்த கட்டுமான உரிமை மீதான ஜிஎஸ்டி தனி. அது அந்தப் பிளாட் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். விலை அடிக்கு 500 இறங்கினால் இன்னொரு 33 லட்சம் போச்சு.

மார்க்கெட்டைப் பற்றி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025-இல் 6.5-இலிருந்து 5.25-க்கு வந்தது. 60 லட்சம், 20 வருட வீட்டுக்கடனில் வட்டி எட்டரையிலிருந்து ஏழரையானால் மாதத் தவணை 3,700 ரூபாய் போலக் குறையும். மணலியில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். சிமென்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 ஆனது. பொருள் வாங்கும்போது கட்டும் உள்ளீட்டு வரி நமக்குத் திரும்பக் கிடையாது என்பதால் அது நேராகச் செலவில் குறைகிறது. மெட்ரோ உண்மைதான், இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் அந்த ரயிலை இடத்துக்காரர் ஏற்கெனவே விலையில் ஏற்றிவிட்டார். அந்த 30 லட்சம் டெபாசிட் வேறென்ன? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நம் பக்கம் பிளாட் பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, தண்ணி நின்னுதா என்பது. அந்தத் தெருவில் மளிகைக்கடைக்காரரிடம் போய் நீங்களே கேட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது இது. மூன்று பிளாட்டையும் 57-க்கே கொடுங்கள். 1.71 கோடி. கடனை அடைத்தால் 1.31 கோடி, வருமான வரிக்கு ஒரு தொகையை ஒதுக்கினாலும் முதல் ஸ்லாப் வரை ஓடும். கம்ப்ளீஷன் சான்றிதழ் கையில் இருந்தால் வாங்குகிறவருக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதைச் சொல்லி விற்கலாம். 57 கேட்ட பார்ட்டிகளில் யாருக்கு வங்கிக் கடன் சாங்ஷன் ஆகியிருக்கிறதோ அவரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.

மூன்றும் போகும்வரை மாதவரத்தில் கையெழுத்து வேண்டாம். இடத்துக்காரர் அவசரப்படுத்தினால், டெபாசிட்டை அனுமதி வந்த பிறகு பாதி, அஸ்திவாரம் முடிந்த பிறகு பாதி என்று கேளுங்கள். அவர் பங்குக்கான 23 லட்சம் ஜிஎஸ்டி யார் தலையில் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.