குரூப் சாட்டை அழிக்காதீங்க ப்ரோ

உங்க கேம் க்ளானோட டெலிகிராம் குரூப்ல புதுசா சேந்த ஒருத்தன் குண்டு, துப்பாக்கின்னே பேச்சு குடுக்கறான், உளவாளியா இருப்பானோன்னு பயந்து மொத்த சாட்டையும் அழிச்சிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அழிக்காதீங்க.

பயப்படறது தப்பில்ல. 2013ல, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளிய விட்ட ஸ்னோடென் மூலமா வெளிய வந்த ஆவணங்கள்லயே இருக்கு, அமெரிக்காவோட என்எஸ்ஏ, பிரிட்டனோட ஜிசிஹெச்க்யூன்னு ரெண்டு உளவு அமைப்பும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், செகண்ட் லைஃப் மாதிரி ஆன்லைன் உலகங்களுக்கு உள்ளயெல்லாம் பூந்து பாத்திருக்காங்க, செகண்ட் லைஃப்ல உளவு பாக்க வந்தவங்க கூட்டம் அதிகமாகி ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் குறுக்க வராம இருக்க தனி குழுவே தேவைப்பட்டுச்சு. இவ்ளோ செஞ்சும் ஒரு தீவிரவாதத் திட்டத்தைத் தடுத்ததா அந்த ஆவணங்கள்ல இல்ல. விளையாட வந்தவங்களையெல்லாம் சந்தேகக் கண்ணோட பாக்கறது அநியாயம், இன்னைக்கும் எனக்கு ஆத்திரமா வருது.

சரி, உங்க விஷயம். அவன் உளவாளியா, சும்மா வம்பு இழுக்கறவனா, நிஜமாவே ஆபத்தானவனான்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது, ஆனா மூணுக்கும் செய்ய வேண்டியது ஒண்ணுதான். யாரும் பதில் போடாதீங்க, விளையாட்டுக்குக்கூட. அவன் மெசேஜை தேதி நேரம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு ஆளை குரூப்லேந்து நீக்குங்க, பழைய இன்வைட் லிங்க்கை ரத்து பண்ணிட்டு அட்மின் ஓகே சொன்னாதான் உள்ள வர்ற மாதிரி புது லிங்க் போடுங்க. இந்த இடம், இந்த நாள்னு குறிப்பா மிரட்டியிருந்தா போலீஸ்ல சொல்லிடுங்க.

டெலிகிராம் குரூப்ல எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் (அனுப்பறவங்க, வாங்கறவங்க தவிர வேற யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது, அது இருக்கற சிக்னல் ஆப்புக்கு மாறறது நல்லதுதான், ஆனா அவனும் கூடவே வந்தா எல்லாத்தையும் படிக்கத்தான் போறான். நாளைக்கு யாராவது விசாரிச்சா, நீங்க அவனுக்கு இடம் குடுக்கலங்கறதுக்கு அந்த பழைய சாட்தான் சாட்சி.