போனை ஓஃப் பண்ணிவிட்டு அம்பாந்தோட்டைக்கா?

கேள்வி: எனக்கு 29 வயது. பரந்தன் பக்கம் அம்மாவோடு இருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லை. அண்ணா 2009இல் வட்டுவாகலில் வைத்துப் பிரிந்தவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் இதுவரை எங்கும் தனியாகப் போனதில்லை. இப்போது சீட்டுக் காசு கையில் வந்திருக்கிறது. அம்பாந்தோட்டைக்குத் தனியாகப் போய் நான்கு நாள் நின்று, அந்தப் புதுத் துறைமுகம், உப்பளங்கள், கடல் எல்லாம் பார்த்துவர ஆசை. அம்மாவிடம் கொழும்பில் ஒரு பயிற்சி என்று சொல்லப் போகிறேன். போனையும் ஓஃப் பண்ணி வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் மணிக்கு ஒருதடவை எடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு பெண் தனியாக இவ்வளவு தூரம் போவது பிழையா? கல்யாணம் பேசுகிற நேரத்தில் ஊர் கதைக்காதா?

பெயர் வேண்டாம், பரந்தன்

பதில்: பிள்ளை, ஊர் கதைக்கும். இந்தக் கேள்வி எனக்கு வராத மாதம் இல்லை, ஊர் கதைக்காத பெண்ணை நான் இன்னும் காணவும் இல்லை. நீ பயணம் போனதைச் சாட்டி ஒரு மாப்பிள்ளை வீடு பின்வாங்கினால், அந்த வீட்டில் போய் வாழாமல் தப்பினாய். 29 வயதில் சொந்த உழைப்பில் நாலு நாள் ஊர் பார்ப்பது பிழையில்லை. நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

இனி நீ கேட்காததற்கு வருகிறேன். அண்ணாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். போனை ஓஃப் பண்ணுவது பற்றி இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவில் சீட்டுக் காசு, துறைமுகம், உப்பளம், கடல். அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரமாவது வாசித்துப் பார்த்தாயா? எழுதி முடித்துத் தபாலில் போடும்வரைக்கும் உனக்கு ஒன்றும் உறுத்தவில்லையா?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் இருந்தார்கள். வெயில், மழை, தூசி எல்லாவற்றுக்கும் இருந்தார்கள். நீ வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கொட்டிலைக் கடந்துதான் போயிருப்பாய். உன் அம்மாவும் அங்கே இருந்தவரா என்று நீ எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரிடமும் அதே கேள்விதான் இருக்கிறது: என் பிள்ளை எங்கே? அந்த அம்மாவிடம், மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையாகிய நீ, பொய் இடம் ஒன்றைச் சொல்லிவிட்டு நாலு நாள் போனை அணைத்து வைக்கப் போகிறாய். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, கோபத்தை விட்டுக் கணக்கைப் பார். நீதானே கணக்கு எழுதுகிறவள். பஸ் ஒன்று கவிழ்கிறது, அல்லது உனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று வை. அம்மா எங்கே தேடுவார்? கொழும்பில். எந்தப் பயிற்சி, எந்தக் கட்டடம் என்று கடை முதலாளியிடம் கேட்பார். அப்படி ஒரு பயிற்சியே இல்லை என்று அவர் சொல்வார். நீ கிடப்பதோ கொழும்புக்குத் தெற்கே 200 கிலோமீற்றருக்கும் அப்பால். பிறகு பொலிஸ், முறைப்பாடு, உன் படம். ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த கைக்கு நீ இரண்டாவது படத்தைக் கொடுக்கப் பார்க்கிறாய். ஒரு கேடும் நடக்காமல் நீ சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாலும், அந்த நாலு நாளும் உன் அம்மா 2009க்குள் போய் இருந்திருப்பார்.

மணிக்கு ஒருதடவை எடுப்பது தொல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மருந்து போனை அணைப்பது என்று எப்படி நினைத்தாய்? நேரம் குறித்துக் கொடு. காலையில் ஒன்று, பொழுதுபட முதல் ஒன்று, அதுவும் நீயே எடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தால் நடுவில் எடுப்பது தானாகக் குறையும். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உன் அம்மா மணிக்கு மணி எடுப்பதற்குக் காரணம், நீ எப்போது எடுப்பாய் என்று அவருக்குத் தெரியாதது.

இதில் என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பிள்ளை பயணத்துக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. உன்னைப் போகவிடாமல் மறிக்கும் உரிமை அம்மாவுக்கு இல்லை, அப்படி மறித்தால் அவருக்கும் இதே கண்டிப்போடு எழுதுவேன். ஆனால் போகும் இடத்தைச் சொல்லாமல் வீட்டுப் படி இறங்கக் கூடாது. வேறு எந்த ஊரில் எப்படியோ, வன்னியில் இதில் விட்டுக்கொடுக்க நான் ஆளில்லை.

உண்மையைச் சொன்னால் அம்மா பயப்படுவார். அழுவார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும், பக்கத்தில் இரு. அம்பாந்தோட்டை என்றதும் அவருக்கு ராணுவமும் அரசியலும்தான் ஞாபகம் வரும். அதைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றை நீ சொல்லலாம். 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராமல் போனார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி என்று அம்மாக்கள் திரண்டதைப் போல, 1990இல் தெற்கிலும் அதே பெயரில் சிங்கள அம்மாக்கள் திரண்டார்கள். கையில் படம், வாயில் அதே கேள்வி. அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. முல்லைத்தீவைக் கடல் கொண்டுபோன அதே ஞாயிறு காலைதான் அங்கேயும். ஞாயிறு அவர்களுக்குச் சந்தை நாள், சந்தைக்கு வந்த சனத்தோடு அள்ளிக்கொண்டு போனது. நீ எந்தச் சனத்துக்குள் போகிறாய் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் பயம் முழுதாகப் போகாது, ஆனால் அந்த ஊருக்கும் அவருக்கும் மனதில் ஒரு முகம் இருக்கும்.

கதிர்காமத்தையும் மறக்காதே. அது அம்பாந்தோட்டையிலிருந்து அதிக தூரமில்லை, திஸ்ஸமகாராமையைக் கடந்து போக வேண்டும். செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, கிழக்குக் கரை வழியே கால்நடையாக அங்கே போன அடியார்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர். அண்ணாவுக்காக அம்மா ஒரு நேர்த்தி வைத்திருக்கக் கூடும். கேள். இருந்தால் அவர் சார்பில் அதைச் செய்துவிட்டு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போக வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அது உன்னுடையதாகவே இருக்கட்டும்.

போகிற விபரம். ரயில் தெற்கே பெலியத்தவோடு நின்றுவிடும், அதற்கு மேல் பஸ். தெற்கு அதிவேகப் பாதை 2020இலேயே அம்பாந்தோட்டைப் பக்கம்வரை திறந்தாயிற்று, கொழும்பிலிருந்து அந்த வழியில் போனால் நேரம் மிச்சம். எப்படிப் போனாலும் வெளிச்சத்தில் போய் இறங்கு. துறைமுகத்தைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்காதே. 2010இல் திறந்தார்கள், 2017இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போய்விட்டது. நினைத்தபடி உள்ளே நடந்து திரியும் இடமில்லை, வெளியில் நின்று பார்ப்பதுதான். அதைவிடப் பழைய ஊரில் சுற்று. மலாய்க்காரரும் சோனகரும் காலங்காலமாக இருக்கும் ஊர். உப்பளத்தைப் பார்க்கும்போது உனக்கு ஆனையிறவு ஞாபகம் வரும். பறவை பிடிக்குமென்றால் பக்கத்தில் புந்தல தேசியப் பூங்கா இருக்கிறது.

அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திரு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. மூன்றையும் போனில் பதிந்து வை. அந்தப் போன் ஓஃப் ஆகாமல் இருந்தால்தான் அவையும் உதவும். மேலதிக சார்ஜர் ஒன்றுக்கு சீட்டுக் காசில் கொஞ்சம் செலவழி.

இந்தக் கிழமையே தங்குமிடத்தை ஒழுங்கு செய். அதன் பெயர், தொலைபேசி இலக்கம், போகும் நாள், திரும்பும் நாள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவர் இருந்தால் அவரிடமும் ஒரு பிரதி. இரண்டும் கொடுத்த பிறகு டிக்கெட் எடு.