பாவ்லா கொலை வழக்கு – கடிதம்

அன்புள்ள சார்,

யூடியூபில் பாவ்லா கொலை வழக்கு பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 1925இல் பம்பாயில் நடந்தது. இந்தூர் மகாராஜாவின் அரண்மனையிலிருந்து தப்பி வந்த மும்தாஜ் பேகத்தைக் கடத்த ஒரு கும்பல் வருகிறது. அவரோடு காரில் இருந்த அப்துல் காதர் பாவ்லா என்ற பணக்கார வியாபாரியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. ஒன்பது பேர் மேல் வழக்கு நடந்தது, ஆனால் மகாராஜாவைச் சாட்சியாகக்கூடக் கூப்பிடவில்லை, ஜின்னா வாதாடித்தான் அவரைக் காப்பாற்றினார், வெள்ளைக்காரனும் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் பாகவதரையே ஜெயிலில் தள்ளியவர்கள்தானே? மன்னருக்கு மட்டும் எப்படித் தனிச் சட்டம்?

சு., கோவில்பட்டி

அன்புள்ள சு.,

அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாதி சரி. ஜின்னா மகாராஜாவுக்காக வாதாடவில்லை. அவருடைய கட்சிக்காரர் ஆனந்தராவ் பான்சே, இந்தூர் படையின் உயரதிகாரி. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் அரண்மனைக்கு மிக அருகில் இருந்தவர். அவருக்குத் தூக்கு விழாமல் ஜின்னா பார்த்துக்கொண்டார். மகாராஜாவைக் காப்பாற்ற எந்த வக்கீலும் தேவைப்படவில்லை. காரணம், அவர் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரவே மாட்டார்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சாயங்காலம், ஏனென்றால் இந்த வழக்கு கோர்ட்டுக்கு வந்ததே ஒரு தற்செயல்.

1925 ஜனவரி 12. மலபார் ஹில்லில் பாவ்லாவும் மும்தாஜும் காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாவ்லாவுக்கு 25 வயது, மும்தாஜுக்கு 22. கூடப் பாவ்லாவின் ஊழியர் ஒருவர். பின்னாலிருந்து ஒரு சிவப்பு மாக்ஸ்வெல் கார் வந்து இடித்து நிறுத்துகிறது. இறங்கியவர்கள் மும்தாஜைத் தங்கள் காருக்கு இழுக்கிறார்கள். பாவ்லா விடவில்லை, சுட்டார்கள். மும்தாஜின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். இன்னும் ஓரிரு நிமிடம் கிடைத்திருந்தால் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

அப்போது கோல்ஃப் விளையாடிவிட்டுத் திரும்பிய ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் சிலர் அந்த வழியாக வந்தார்கள். அது அவர்கள் வழக்கமாகப் போகும் பாதைகூட இல்லை, திரும்ப வேண்டிய இடத்தில் தப்பாகத் திரும்பியிருந்தார்கள். லெப்டினென்ட் சேகர்ட் இறங்கி கோல்ஃப் மட்டையாலேயே அடித்தார். அவருக்கும் குண்டடி பட்டது. ஆனாலும் கும்பலில் ஒருவனை அங்கேயே அமுக்கிவிட்டார்கள். பாவ்லா ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இந்த வழிதவறல் நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வியாபாரி செத்தான், ஒரு நாட்டியக்காரியைக் காணோம், அவ்வளவுதான். பத்திரிகையில் நாலு வரி. ஒரு வெள்ளை அதிகாரியின் உடம்பில் குண்டு பாய்ந்த பிறகு அதை அப்படி மூட முடியாது. சாட்சிகள் ராணுவ அதிகாரிகள். ஜூரியில் உட்காருகிறவர்கள் பம்பாயின் பெரிய மனிதர்கள். போலீஸ் தடம் பிடித்துக்கொண்டு நேராக இந்தூருக்குப் போனது. பிடிபட்ட ஷஃபி அகமது இந்தூர் குதிரைப்படைப் போலீஸ்காரர்.

வழக்கு நேரடியாக உயர்நீதிமன்ற செஷன்ஸில், நீதிபதி கிரம்ப் முன்னால் ஜூரியோடு நடந்தது. அரசுத் தரப்பில் அட்வகேட் ஜெனரல் ஜம்ஷெட் காங்கா. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களிலும் பெரிய வழக்குகள் இப்படி நேராக உயர்நீதிமன்றத்துக்கே வரும். அங்கே தண்டனை விழுந்தால் அன்றைய சட்டப்படி அப்பீல் என்பதே ஏறக்குறைய கிடையாது. அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிடம் சிறப்பு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான். 1943இல்தான் இதைத் திருத்தினார்கள். நீங்கள் சொன்ன பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சென்னையில் முதலில் ஒரு அப்பீல் போய்ப் பார்க்க முடிந்தது அதனால்தான். அது தோற்று, பிரிவி கவுன்சில் போய்த்தான் வெளியே வந்தார்கள். பாவ்லா வழக்கில் தூக்கு விழுந்தவர்களுக்கு லண்டனிலும் கதவு திறக்கவில்லை.

எனக்கு இந்த வழக்கில் வக்கீல்களை விட மும்தாஜின் சாட்சியம்தான் பெரிது. முகத்தில் வெட்டுப்பட்ட ஒரு பெண், ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும் கோர்ட்டில் நின்று, தான் ஒரு மகாராஜாவின் ஆசைநாயகியாக இருந்ததைச் சொல்கிறார். எங்கு போனாலும் காவல் இருந்தது. முசூரிக்குப் போகிற வழியில் தில்லியில் தப்பித்து அம்ரித்சர் போனேன் என்கிறார். அங்கும் ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். பிறகு பம்பாய், பாவ்லா. ஏன் இந்தூரில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன பதில்: எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதை நர்சுகள் கொன்றுவிட்டார்கள்.

பத்து வருஷம் மகாராஜாவோடு இருந்தவள் என்று நீதிபதி குறிப்பிடுகிறார். வயது 22. அரண்மனைக்குப் போனபோது என்ன வயது என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

மே மாதம் தீர்ப்பு வந்தது. மூன்று பேருக்குத் தூக்கு, பான்சே உட்பட வேறு சிலருக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்கள் விடுதலை. கிரம்ப் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். இந்த ஆட்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், யார் என்று நம்மால் துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் மகாராஜாவின் ஆசைநாயகியாக இருந்தவளைக் கடத்தப் பார்த்தால், அது இந்தூரிலிருந்து வந்த வேலையா என்று பார்ப்பதில் தப்பில்லை. இதற்கு மேல் அவரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. சமஸ்தான மன்னர்கள் பிரிட்டிஷ் இந்திய கோர்ட்டுகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அவர்களைக் கேட்க வேண்டியது வைஸ்ராயின் அரசியல் இலாகா.

நீங்கள் சொல்வது போல வெள்ளைக்காரன் ராஜாவைக் காப்பாற்றினானா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு ராஜா போக வேண்டும், ஆனால் எதுவும் நிரூபணம் ஆகக் கூடாது. அவர்களுக்குப் பழைய சூடு ஒன்று இருந்தது. பரோடாவின் மல்ஹார் ராவ் கெய்க்வாட், ரெசிடென்ட் (சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி) குடிக்கிற பம்ப்ளிமாஸ் சர்பத்தில் விஷம் கலக்கச் சொன்னார் என்று 1875இல் ஒரு கமிஷன் வைத்து விசாரித்தார்கள். ஆறு பேர் கமிஷன். மூன்று ஆங்கிலேயர்களும் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர்களும் நிரூபணம் ஆகவில்லை என்றார்கள். அவமானம். கடைசியில் நிர்வாகம் சரியில்லை என்று காரணம் காட்டித்தான் அவரை இறக்கினார்கள். (அவரைக் கொண்டுவந்து வைத்தது நம் சென்னையில். இங்கேயே 1882இல் இறந்தார்.)

ஆகவே இந்தூர் விஷயத்தில் மகாராஜா துக்கோஜி ராவ் ஹோல்கருக்கு இரண்டு வழி வைத்தார்கள். விசாரணைக் கமிஷனைச் சந்தியுங்கள், இல்லையென்றால் முடியைத் துறந்துவிடுங்கள். அவர் 1926 பிப்ரவரியில் மகனுக்காகப் பட்டத்தை விட்டார். மலபார் ஹில் விவகாரத்தில் தனக்குத் தொடர்பு உண்டா என்று மேற்கொண்டு எந்த விசாரணையும் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை. அந்த வீட்டுக்கு இது புதிதும் இல்லை. அவர் அப்பாவும் 1903இல் இப்படித்தான் பட்டத்தைவிட்டு இறங்கினார். அப்போது பையனுக்குப் பன்னிரண்டு வயது.

பார்க்கப்போனால் இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் லாபம். சர்க்காருக்கு மன்னர்களைக் கமிஷனில் உட்காரவைத்து மறுபடி ஒரு பரோடாவைச் சந்திக்க வேண்டாம். மகாராஜாவுக்குக் குறுக்கு விசாரணை வேண்டாம். மற்ற சமஸ்தானாதிபதிகளுக்கும் அப்பாடா என்றிருந்திருக்கும். அதனால்தான் உங்களுக்குப் பதில் சொல்லும்போது நானும் ‘மகாராஜா செய்யச் சொன்னார்’ என்று எழுதவில்லை. எந்தக் கோர்ட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் செய்யவில்லை என்றும் எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. வீடியோக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்த் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

முடியைத் துறந்தவர் 1928இல் நான்சி மில்லர் என்ற அமெரிக்கப் பெண்ணை இந்துவாக்கி மணந்தார். அதற்கும் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. 1978 வரை உயிரோடு இருந்தார், பாரிஸில் இறந்தார். மும்தாஜ் ஹாலிவுட்டுக்குப் போகிறார் என்று கொஞ்ச நாள் பேச்சிருந்தது, பிறகு பேச்சு மூச்சில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை. மும்தாஜ் கூண்டில் நின்று சொன்னது இன்னொரு கொலைக் குற்றச்சாட்டு. பம்பாய் கோர்ட் அதை அவர் ஏன் ஓடிவந்தார் என்பதற்கான காரணமாக மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும், விசாரிக்க முடியாது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடம் இந்தூர். அங்கே கோர்ட்டும் போலீசும் மகாராஜாவுடையவை. கமிஷன் என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் இதைப் பற்றியும் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். அந்தக் கமிஷன்தான் உட்காரவே இல்லையே.