எலிக்குக் குணமாகும் அல்சைமர் மனிதருக்கு ஏன் குணமாவதில்லை?

"எலிகளுக்கு அல்சைமர் குணமானதாக அடிக்கடி செய்தி வருகிறதே, மனிதர்களுக்கு ஏன் இன்னும் மருந்து இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுண்டெலிக்கு இயல்பாக அல்சைமர் என்ற மறதி நோய் வருவதே இல்லை. பிறழ்வுள்ள மனித மரபணுவை அதற்குள் சேர்த்து, மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தைப் படியவைக்கிறார்கள். அந்தப் பிறழ்வு இருப்பது, பரம்பரையாக இளவயதிலேயே நோய் வரும் மிகச் சிலரிடம்தான். மற்றவர்களுக்கு முதுமையில், பல காரணங்கள் சேர்ந்து வருகிறது. எலியின் ஆயுளோ இரண்டு மூன்று வருடம். அந்த எலிகள் பெரும்பாலானவற்றில் படிவு வரும். ஆனால் மனித மூளையில் நடப்பதுபோல் நரம்பு செல்கள் கூட்டமாகச் சாவதில்லை. ஆக, அங்கே குணமாவது நாம் உண்டாக்கிய படிவு மட்டும்தான்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஏஎன்-1792 என்ற தடுப்பூசியின் கதை. 1999இல் வந்த ஆய்வில் அது எலிகளின் அமிலாய்டைத் தடுத்தது, படிந்ததையும் குறைத்தது. மனிதர்களிடம் சோதித்தபோது, ஊசி போட்ட சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையில் அழற்சி வந்தது. 2002இல் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதைவிட என்னை உலுக்கியது பின்னால் தெரியவந்த விஷயம். படிவு கிட்டத்தட்ட முழுவதும் நீங்கிய சிலரும் கடுமையான மறதியோடுதான் இறந்திருக்கிறார்கள். இப்போது வந்திருக்கும் லெக்கானமாப் மருந்தும் படிவை நீக்குகிறது. 18 மாதச் சோதனையில் நினைவு, சிந்தனைத் திறனின் சரிவை அது 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை.

சில சமயம் பாதகமும் நேர்கிறது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோயில், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து எலிகளின் ஆயுளை நீட்டித்தது. 2007இல் வெளியான மனிதச் சோதனையிலோ அதை எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் வேகமாக நலிந்தார்கள்.

அதற்காக விலங்கு ஆய்வே வீண் என்று சொல்ல மாட்டேன். 1982இல் கலிபோர்னியாவில், கலப்பட போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட சிலருக்குத் திடீரென்று விறைப்பு, நடுக்கம் போன்ற பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் வந்தன. காரணம் எம்பிடிபி என்ற வேதிப்பொருள். அது பெரிய வகை ஆய்வக எலிகளை (ரேட்) அவ்வளவாகப் பாதிக்கவில்லை. குரங்குகளுக்கு அதே விறைப்பும் நடுக்கமும் வந்தன. அந்தக் குரங்குகளை வைத்துத்தான் நரம்பியல் ஆய்வாளர் மாலன் டிலாங், மூளையின் எந்தச் சிறு பகுதி மிகையாக இயங்குகிறது என்று காட்டினார். அங்கே மின்முனை வைக்கும் சிகிச்சை இன்று பலருக்கு நடுக்கத்தைக் குறைக்கிறது. பார்க்கின்சனில் கேள்வி குறுகலானது, அசைவைப் பற்றியது. அதற்கு ஏற்ற விலங்கும் கிடைத்தது. நினைவும் மொழியும் கரைந்துபோகும் நோய்க்கு அப்படி ஒரு விலங்கு இன்னும் நம்மிடம் இல்லை.

மறதி நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தச் செய்திகளை எவ்வளவு ஏக்கத்தோடு படிப்பார்கள்! சோதனை எலிகளில் நடந்தது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசிப் பத்தியில் அல்ல.