லினக்ஸ் சர்வர்ல எந்த புரோகிராம வைக்கணும், எத தூக்கணும்? உங்க கேள்விகளுக்கு பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, கடை பில்லிங் சர்வர்ல உபுண்டு டெஸ்க்டாப் தான் ஓடுது. மானிட்டர் கூட கிடையாது. பரவால்லையா?

மானிட்டரே இல்லன்னா, ஸ்க்ரீன்ல பாத்து வேலை செய்யறதுக்கான டெஸ்க்டாப் எதுக்கு தம்பி? அது தனியா வர்றதில்ல, பிரிண்டர் தேடுற சர்வீஸ், நெட்வொர்க்ல மத்த மெஷின தேடுற அவாஹின்னு ஒரு கூட்டத்தையே கூட்டிட்டு வரும். 2024 செப்டம்பர்ல அந்த பிரிண்டர் தேடுற சர்வீஸான கப்ஸ்-பிரவுஸ்ட்ல பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, யூடிபி 631ங்கற போர்ட்ல (நெட்வொர்க்குக்கு ஒரு கதவு மாதிரி) யார் என்ன அனுப்புனாலும் அது வாங்கிக்கும், அத வச்சு போலி பிரிண்டர் ஒண்ண சேர்த்து விட்டுட்டா அப்புறம் யாராச்சும் அதுல பிரிண்ட் குடுக்கும்போது அனுப்புனவனோட கமாண்ட் உங்க மெஷின்ல ஓடும். பிரிண்டே எடுக்காத சர்வர்ல இது ஏன் இருக்கணும் சொல்லுங்க! பேக்கப் எடுத்துட்டு சர்வர் எடிஷன புதுசா போட்டுடுங்க, ஒவ்வொண்ணா கழட்டுறத விட அது சுத்தம். அதுவரைக்கும் எஸ்எஸ் (ss) கமாண்ட் அடிச்சு எந்தெந்த போர்ட் திறந்திருக்குன்னு பாருங்க, ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு தெரிஞ்சுகிட்டு வேண்டாதத நிறுத்துங்க.

பாயான் லெப்பாஸ் வாசகர்: ஃபயர்வால் போட்டாச்சு லா, உள்ள என்ன இருந்தா என்ன?

இத நான் ஒத்துக்கவே மாட்டேன். வெப்சைட் ப்ளகின் ஓட்டை வழியா ஒருத்தன் சாதாரண யூசரா உள்ள வந்துட்டான்னா ஃபயர்வால் என்ன பண்ணும்? வேற யூசரோட உரிமையில கமாண்ட் ஓட்டுறதுக்கு பிகேஎக்ஸெக்னு ஒரு புரோகிராம், அதுல 2009லேர்ந்து இருந்த ஓட்டைய 2022 ஜனவரில தான் க்வாலிஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க வெளிய சொன்னாங்க, அத வச்சு எந்த யூசரும் நேரா ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர், ஆகிடலாம். அது இல்லாத சர்வருக்கு அன்னைக்கு அந்த பயமே இல்ல. புரோகிராம்கள தனித்தனி பெட்டியா ஓட்டுற டாக்கர் ஓட்டுறீங்கன்னா இன்னொண்ணு, நீங்க பப்ளிஷ் பண்ற போர்ட் யூஎஃப்டபிள்யூங்கற உபுண்டு ஃபயர்வால் ரூல கண்டுக்காம திறந்துக்கும், அதனால டேட்டாபேஸ் மாதிரி உள்ளுக்குள்ள மட்டும் வேணுங்கறத 127.0.0.1ல, அதாவது அந்த மெஷினுக்குள்ள மட்டும் எட்டற அட்ரஸ்ல, கட்டி வைங்க.

பட்டர்வொர்த் வாசகி: பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற ஆப்ட்ல ஒண்ணு கேட்டா கூட பத்து வருதே சார்?

டெபியன், உபுண்டு ரெண்டுலயும் ரெகமண்ட்ஸ், அதாவது கூட இருந்தா நல்லதுன்னு சொல்ற பேக்கேஜும் சேர்ந்து வர்றது தான் வழக்கம்மா. நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ்னு குடுத்தா வராது. ஆனா கண்ண மூடிக்கிட்டு வெட்டாதீங்க, வெப்சைட் உண்மையானதான்னு சரிபாக்க உதவுற சிஏ-சர்டிபிகேட்ஸ் விட்டுப்போச்சுன்னா எச்டிடிபிஎஸ் எதுவும் வெரிஃபை ஆகாது, டவுன்லோட் பண்ற கர்ல் கமாண்ட் எரரா அடிக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: ஜிசிசி கம்பைலர எடுத்துடவா?

சோர்ஸ் கோட்லேர்ந்து புரோகிராம் பில்ட் எதுவும் பண்ணலன்னா எடுத்துடுங்க. ஆனா உள்ள வர்றவன் ரெடியா கம்பைல் பண்ணதையே கொண்டு வரலாம், அதனால இத மட்டும் நம்பி இருக்காதீங்க. செக்யூரிட்டி அப்டேட்ட தானா போடுற அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஆன்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க.